லாக்ரொட்டேட்டின் மெயில் செட்டிங்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிற யாருக்கும் லாக்ரொட்டேட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கூடவே வந்துவிடும், தினம் ஒருமுறை தானாக ஓடும், வளர்ந்துகொண்டே போகிற லாக் ஃபைலை (ப்ரோகிராம்கள் தாங்கள் செய்வதை எழுதிவைக்கும் பதிவு) நகர்த்திவிட்டுப் புதியதைத் திறக்கும், பழையதைச் சுருக்கும், சொன்ன எண்ணிக்கை தாண்டியதும் அழித்துவிடும். 1990-களில் ரெட் ஹேட்டில் எரிக் ட்ரோவனும் பிரஸ்டன் பிரவுனும் எழுதியது, இன்றைக்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா எங்கே போனாலும் அதுதான். அந்த வேலையில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, டிஸ்க் நிரம்பி நள்ளிரவில் டேட்டாபேஸ் படுத்துவிடாமல் எத்தனையோ சர்வர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நான் எழுத வந்தது அதற்குள் இருக்கும் மெயில் செட்டிங் பற்றி மட்டும். அதை நம்பி எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

பலரும் இதை எடுத்துப் போடுவது ஒரே எதிர்பார்ப்பில்தான்: லாக் சுழன்றதும் எனக்கு மெயில் வரட்டும், ஏதாவது தப்பாகிவிட்டால் தெரியட்டும். கான்ஃபிக் ஃபைலில் மெயில் என்று எழுதிப் பக்கத்தில் முகவரியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் வருவதில்லை. உடனே மெயில் அனுப்பும் ப்ரோகிராமான போஸ்ட்ஃபிக்ஸைக் கிளறுகிறார்கள், ஃபயர்வாலைச் சந்தேகப்படுகிறார்கள், ஸ்பாம் ஃபோல்டரைத் துழாவுகிறார்கள். பல நேரம் அங்கெல்லாம் ஒரு கோளாறும் இருக்காது, லாக்ரொட்டேட் தனக்குச் சொன்னபடிதான் நடந்துகொண்டிருக்கும்.

காரணம் இதுதான். மெயில் என்று மட்டும் எழுதினால் அதோடு மெயில்லாஸ்ட் என்பதும் தானாகச் சேர்ந்துகொள்கிறது, டீஃபால்ட் அதுதான். மெயில்லாஸ்ட் என்றால் அழிக்கப்படப்போகிற ஃபைலை அழிக்கும் முன் அனுப்பு என்று அர்த்தம். அதாவது வாராவாரம் சுழற்று, நான்கு பழைய பிரதிகளை வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் (டெபியனின் பொது கான்ஃபிக் ஃபைலில் அப்படித்தான் இருக்கிறது) இன்றைக்கு எழுதப்படும் லாக் வரிசையில் ஒவ்வொரு இடமாகப் பின்னால் போய், நான்கு இடத்தையும் தாண்டும் நாளில்தான் மெயிலாக உங்களிடம் வரும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். மாதாமாதம் சுழற்று, பன்னிரண்டு வைத்துக்கொள் என்றால் ஒரு வருடம். இது எச்சரிக்கை அனுப்பும் வசதி இல்லவே இல்லை. காலாவதியாகும் லாக்கை மெயில் பெட்டியில் சேமித்து வைக்கும் வசதி. சர்வரில் சின்ன டிஸ்க், ஆனால் மெயில் பெட்டியில் பழையதெல்லாம் கிடக்கட்டும் என்று நினைத்த காலத்துக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். இன்று அந்த டீஃபால்ட் பெரும்பாலானவர்கள் கேட்பதற்கு நேர் எதிர்.

சுழன்ற உடனே வேண்டும் என்றால் மெயில்ஃபர்ஸ்ட் என்று தனி வரியில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், ஒரே வரி. அப்போது அழியப்போகிற ஃபைல் வராது, இப்போதுதான் நகர்த்தப்பட்ட ஃபைல் வரும். பொது கான்ஃபிக்கில் மெயில் போட்டுவிட்டு ஏதோ ஒரு லாக்குக்கு மட்டும் வேண்டாம் என்றால் அந்த லாக்கின் பகுதியில் நோமெயில் என்று போடலாம். இந்த வார்த்தைகளெல்லாம் ஃபைலுக்குள் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் வர வேண்டும். பொது கான்ஃபிக்கில் மெயில் போடுவதையே நான் சிபாரிசு செய்ய மாட்டேன் என்பது வேறு விஷயம். வெப் சர்வரின் அக்ஸஸ் லாக்கும் (ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி) சேர்ந்து கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கிளம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி வருகிறது? அட்டாச்மென்ட்டாக வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். வராது. லாக்ரொட்டேட் அந்த ஃபைலை மெயில் கமாண்டின் உள்ளீடாக அப்படியே ஊற்றுகிறது, ஆகவே முழு லாக்கும் மெயிலின் உடலாகவே வந்து விழும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஃபைல் என்றால் அன்கம்ப்ரெஸ் செய்து ஊற்றும். டிஸ்க்கில் சிறிதாக இருந்த ஃபைல் மெயிலில் பல மடங்காகும், லாக் மாதிரி ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் எழுத்து நன்றாகச் சுருங்கும் என்பதால் வித்தியாசம் ரொம்பவே பெரிது. போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு மெயிலின் டீஃபால்ட் உச்சவரம்பு 1,02,40,000 பைட், கிட்டத்தட்ட 10 எம்பி. ஜிமெயில் அதைவிடப் பெரிய மெயிலையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் நீளமான உடலை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்கத் தனியாக அழுத்தச் சொல்லும். மெயில் விதிப்படி ஒரு வரிக்கு 998 எழுத்துதான் வரம்பு, அதனால் ஜாவா அப்ளிகேஷன்கள் ஒரே வரியில் எழுதித் தள்ளும் நீண்ட ஜேசன் (கருவிகள் படிப்பதற்கான தரவு வடிவம்) லாக்குகள் வழியில் உடைக்கப்படலாம். உடைந்த ஜேசனை அப்புறம் எந்தக் கருவியிலும் போட முடியாது. படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை, சேமித்து வைக்க என்றால் இது பெரிய குறை.

சப்ஜெக்ட் பற்றியும் ஒரு வார்த்தை. சப்ஜெக்ட்டாக லாக் ஃபைலின் பாதையும் பெயரும்தான் வரும், சர்வரின் பெயர் அதில் இருக்காது. ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. நாலைந்து கிளையன்ட் சர்வர்களிலிருந்து ஒரே பெட்டிக்கு மெயில் வந்தால், அத்தனையும் ஒரே சப்ஜெக்ட்டோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, மெயில் ப்ரோகிராம் அவற்றை ஒரே உரையாடல் என்று நினைத்துச் சேர்த்தும் வைத்துவிடும். எந்த சர்வரின் பேக்கப் தோற்றது என்று அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இதற்கு எளிய வழி, மெயில் கமாண்டையே மாற்றுவது. லாக்ரொட்டேட்டுக்கு மைனஸ் எம் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அதில் எந்த கமாண்டையும் கொடுக்கலாம். அந்த கமாண்ட் மைனஸ் எஸ் என்பதோடு சப்ஜெக்ட்டையும் பெறுநர் முகவரியையும் வாங்கிக்கொண்டு, உள்ளீட்டிலிருந்து செய்தியைப் படித்து அனுப்பத் தெரிந்திருந்தால் போதும். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, சப்ஜெக்ட்டுக்கு முன்னால் ஹோஸ்ட்நேமை (சர்வரின் பெயரை) சேர்த்து, உடலை ஜிஜிப் கருவியால் சுருக்கி அட்டாச்மென்ட்டாக மாற்றி அனுப்பலாம். மேலே சொன்ன குறைகளில் பாதி இந்த ஒரே ஸ்கிரிப்ட்டில் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்த ஆப்ஷனைக் கான்ஃபிக் ஃபைலில் எழுத முடியாது, கமாண்ட் லைனில் மட்டும்தான் கொடுக்க முடியும். டெபியன் 10-க்குப் பிறகு சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் ப்ரோகிராம்) உள்ள சர்வர்களில் லாக்ரொட்டேட்டை ஓட்டுவது, நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் பழைய க்ரான் இல்லை, சிஸ்டம்டி டைமர். ஆகவே சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, லாக்ரொட்டேட் சர்வீஸின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை (எந்த கமாண்டை ஓட்டுவது என்று சொல்வது) ஒருமுறை வெறுமையாக எழுதி, அடுத்த வரியில் புதிய கமாண்டை முழுதாக எழுத வேண்டும். முதலில் அந்த வெற்று வரி இல்லையென்றால் பழைய கமாண்டும் சேர்ந்து நிற்கும். இது தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை, புதிதாக வருகிறவர்களுக்கு அரை நாள். லாக் வாரியாக வேறு வேறு மெயில் கமாண்ட் வைக்கவும் வழியில்லை. இவ்வளவு பழைய, இவ்வளவு பேர் பயன்படுத்துகிற கருவியில் இது கான்ஃபிக் ஃபைலுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதையெல்லாம் விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஒன்று இருக்கிறது. மெயில்லாஸ்ட்டில் அனுப்பிய பிறகு அந்த ஃபைல் அழிக்கப்படுகிறது. அனுப்பியாயிற்று என்று லாக்ரொட்டேட் எப்படி முடிவு செய்கிறது? மெயில் கமாண்ட் பிரச்சினை எதுவும் சொல்லாமல் முடிந்தால் போதும், அனுப்பியாயிற்று. மெயில் கமாண்டோ, சர்வருக்குள்ளேயே இருக்கும் சென்ட்மெயில் அல்லது போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் செய்தியைப் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்கிறது. இன்னும் சில மெயில் ப்ரோகிராம்கள் சென்ட்மெயிலிடம் நீட்டிவிட்டு, அது ஏற்றுக்கொண்டதா என்று பார்க்கக்கூடக் காத்திருப்பதில்லை. அப்படி ஒன்றான எஸ்-நெயிலில் சென்ட்வெயிட் என்ற செட்டிங்கைப் போட்டால்தான் காத்திருக்கும். அதற்குப் பிறகு பத்து எம்பி தாண்டியது என்று போஸ்ட்ஃபிக்ஸ் மறுக்கலாம், எதிர்முனை சர்வர் திருப்பி அனுப்பலாம். அதற்குள் லாக் ஃபைல் டிஸ்க்கில் இருக்காது. திரும்பி வந்த மெயில் எங்கே போகும்? அனுப்பியது ரூட் (சர்வரின் முழு அதிகாரமுள்ள பயனர்), எனவே ரூட்டின் உள்ளூர் மெயில் பெட்டிக்கு. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? மெயில் போனது என்பது வேறு, மெயில் சேர்ந்தது என்பது வேறு. லாக்ரொட்டேட்டுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். ஆகவே இழக்கக் கூடாத எந்த லாக்கையும் மெயில்லாஸ்ட் நம்பி விடாதீர்கள், இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. குறைந்தபட்சம் இடிசி டைரக்டரியில் இருக்கும் அலையாஸஸ் ஃபைலில் ரூட்டுக்கு வரும் மெயிலை நிஜமாகப் படிக்கிற ஒருவரின் முகவரிக்குத் திருப்பி, நியூஅலையாஸஸ் கமாண்டை ஓட்டிவிடுங்கள். லாக்ரொட்டேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சர்வரிலும் செய்ய வேண்டிய வேலை அது.

இந்தியாவில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் சட்டமும் வருகிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாக்குகளைத் தொடர்ந்து 180 நாட்களுக்கு, இந்திய எல்லைக்குள், பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொண்டு மீதியை மெயிலில் தள்ளிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாராவாரம் சுழற்றுகிறீர்கள் என்றால் ரொட்டேட் 26 (26 பழைய பிரதிகள்) என்று போடுங்கள், 182 நாள் ஆகிறது, சுருக்கி வைத்தால் பெரிதாக இடமும் அடைக்காது. அப்புறம் லாக்குக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஐபி முகவரி, பயனர் பெயர், சில மோசமான அப்ளிகேஷன்களில் ஃபோன் நம்பரும் டோக்கனும் கூட இருக்கும். அதை எழுத்து எழுத்தாக மெயிலில் அனுப்பி யாருடைய தனிப்பட்ட ஜிமெயில் பெட்டியிலோ வருடக்கணக்கில் கிடக்க விடுவது நல்ல பழக்கமே இல்லை. ஆத்லாக் மாதிரி லாகின் விவரம் உள்ளவற்றுக்கு மெயிலே வேண்டாம்.

மெயில் வெளியே போவதற்கான ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு வேண்டிய அளவு வழிகாட்டிகள் இருக்கின்றன. சர்வரில் மெயில் கமாண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், லாக்ரொட்டேட் கூடவே அது வரும் என்று சொல்ல முடியாது. டெபியனில் பிஎஸ்டி-மெயில்எக்ஸ் போட்டால் போதும். முழு போஸ்ட்ஃபிக்ஸ் தேவையில்லை என்றால் வெளியே அனுப்ப மட்டும் செய்யும் எம்எஸ்எம்டிபி நல்ல தேர்வு, அதோடு எம்எஸ்எம்டிபி-எம்டிஏ பேக்கேஜையும் போட்டால் சென்ட்மெயிலின் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அதன் கான்ஃபிக்கை ரூட்டின் ஹோம் டைரக்டரியில் வைக்காமல் இடிசி-க்குள் வையுங்கள், டைமர் வழியாக ஓடும்போது ஹோம் டைரக்டரி எது என்ற குழப்பம் வராது. பாஸ்வேர்ட் அதில் இருக்கும் என்பதால் பெர்மிஷனை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) ஆக்குங்கள். ஜிமெயில் வழியாக அனுப்பினால் போர்ட் 587, சாதாரண பாஸ்வேர்ட் 2022 மே மாதத்துக்குப் பிறகு செல்லாது, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுவிட்டு ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். அமேசான் இசி2, கூகுள் கிளவுட் இரண்டிலும் போர்ட் 25 வெளியே போக அடைத்துவைத்திருப்பார்கள், அதனால் நேரடியாக அனுப்பப் பார்க்காதீர்கள், ரிலே (நமக்காக அனுப்பிவைக்கும் இன்னொரு மெயில் சர்வர்) வழியாகத்தான் போக வேண்டும். சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் ஏற்பாடுகள்) இல்லாமல் ஜிமெயிலுக்குள் நுழைவது 2024 பிப்ரவரியிலிருந்து கடினம். பலருக்கு அனுப்ப வேண்டும் என்றால் மெயில் வரியில் முகவரிகளை அடுக்காமல் ஒரு அலையாஸ் வைத்து அதைக் கொடுங்கள், ஆள் மாறும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

சோதிப்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. மைனஸ் டி போட்டு ஓட்டிவிட்டு மெயில் வரவில்லை என்பார்கள். மைனஸ் டி என்றால் ஒத்திகை, லாக் எதையும் தொடாது, ஸ்டேட்டஸ் ஃபைலும் (எந்த லாக் கடைசியாக எப்போது சுழன்றது என்ற குறிப்பு) மாறாது, கான்ஃபிக் சரியாகப் படிக்கப்படுகிறதா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகப் பார்க்க மைனஸ் எஃப் வேண்டும், கூடவே மைனஸ் வி போட்டால் என்ன செய்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு மைனஸ் எஃப்-உம் ஒரு நிஜமான சுழற்சி. அதைத் திரும்பத் திரும்ப அடித்தால் கடைசியில் இருக்கும் பழைய லாக்குகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். சுழன்ற ஃபைலின் பெயரில் தேதியைச் சேர்க்கும் டேட்எக்ஸ்ட் போட்டிருந்தால் ஒரே நாளில் இரண்டாவது முறை ஓட்டும்போது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது என்று சொல்லித் தவிர்த்துவிடும். அதனால் நிஜ லாக்கை வைத்து விளையாடாமல், டெம்ப்பரரியாக ஒரு லாக்கை உருவாக்கி அதற்கென்று தனி கான்ஃபிக், தனி ஸ்டேட்டஸ் ஃபைல் (மைனஸ் எஸ் போட்டுக் கொடுக்கலாம்) வைத்து முயன்று பாருங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான இடத்தில் இந்த வசதி உண்மையிலேயே அருமையாக இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிற ஒரு சின்ன அலுவலக சர்வரில் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது, தினம் மூன்று நான்கு வரி எழுதும்: எப்போது தொடங்கியது, எத்தனை ஜிபி, எப்போது முடிந்தது. அந்த லாக்குக்கு வீக்லி, ரொட்டேட் 26, கம்ப்ரெஸ், டிலேகம்ப்ரெஸ் (சுருக்குவதை அடுத்த சுழற்சிக்குத் தள்ளும்), மெயில் போட்டு முகவரி, அடுத்த வரியில் மெயில்ஃபர்ஸ்ட், இவ்வளவுதான் கான்ஃபிக். வீக்லி என்றால் நாள் எதுவும் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை ஃபோனைத் திறந்தால் அந்த வாரம் முழுக்க நடந்த பேக்கப்புகள் ஒரே மெயிலில், ஒரு திரைக்குள் அடங்கும் அளவில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் அளவு பாதியாகக் குறைந்திருந்தால் கண்ணில் உடனே படுகிறது. எந்த டாஷ்போர்டும் திறக்க வேண்டாம், எந்த மாதச் சந்தாவும் வேண்டாம். அட்டாச்மென்ட் இல்லாமல் உடலிலேயே வருவதுதான் இங்கே வசதி. மேலே குறையாகச் சொன்னது சின்ன லாக்கில் நிறையாக மாறிவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். எல்லோரும் பழக்கத்தில் நாட்-இஃப்-எம்ப்டி என்ற வரியையும் சேர்ப்பார்கள், வெற்று ஃபைலைச் சுழற்றாதே என்று. பேக்கப் லாக்குக்கு அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பேக்கப் வாரம் முழுக்க ஓடவே இல்லை என்றாலும் லாக் காலி, சுழற்சி இல்லை, மெயிலும் இல்லை. மெயில் வராததை மனிதர்கள் கவனிக்க மாட்டார்கள். சேர்க்காமல் விட்டால் ஒன்றுமே இல்லாத மெயில் ஒன்று வந்து நிற்கும், அந்த வெறுமையே பேக்கப் ஓடவில்லை என்று சொல்லிவிடும்.

தவறு நடந்தால் தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கு: மெயில் செட்டிங்கை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு வாருங்கள். முன்பு க்ரான் வழியாக ஓடியபோது லாக்ரொட்டேட் ஏதாவது பிழை சொன்னால் க்ரானே அதை மெயிலாக்கி ரூட்டுக்கு அனுப்பிவிடும். டைமருக்கு மாறியதில் அது போய்விட்டது, பிழைகள் இப்போது ஜர்னலில் (சிஸ்டம்டியின் சொந்த லாக்கில்) போய் உட்காருகின்றன, யாராவது ஜர்னல்சிடிஎல் அடித்தால்தான் தெரியும். டைரக்டரியில் க்ரூப்புக்கு எழுதும் உரிமை இருக்கிறது, எஸ்யூ வரியை (எந்தப் பயனராகச் சுழற்றுவது என்று குறிப்பது) சேர் என்று சொல்லி ஒரு அப்ளிகேஷனின் லாக்கைச் சுழற்றாமலே மாதக்கணக்கில் விட்டிருந்த சர்வரை நான் பார்த்திருக்கிறேன், தினமும் ஜர்னலில் அதே வரி ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அதனால் லாக்ரொட்டேட் சர்வீஸுக்கு ஆன்ஃபெய்லியர் என்ற வரியைச் சேர்த்து, தோற்றால் மெயில் அனுப்பும் சின்ன சர்வீஸ் ஒன்றை அதில் கட்டிவிடுங்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கமாண்டின் வெளியீட்டை மெயிலில் போட்டு அனுப்பினால் போதும், எந்த வரியில் தடுக்கியது என்பது அதிலேயே இருக்கும். சுழற்சி நல்லபடி முடிந்ததும் தகவல் வேண்டும் என்றால் லாஸ்ட்ஆக்ஷன் பகுதிக்குள் ஒரு மெயில் கமாண்ட் எழுதலாம். லாக் முழுவதையும் அனுப்பாமல் அதிலிருக்கும் எரர் வரிகளை மட்டும் எண்ணிச் சொல்லும்படி எழுதினால் இன்னும் நல்லது. பல சர்வீஸ்களின் தினசரிச் சுருக்கம் வேண்டும் என்றால் லாக்வாட்ச் போடுங்கள், அது அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது, லாக்ரொட்டேட்டோடு சண்டையில்லாமல் ஓடும்.

மதிப்பெண் கேட்டால், லாக்ரொட்டேட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, அதன் மெயில் வசதிக்கு ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் மெயில்ஃபர்ஸ்ட்டுக்காகவும் மைனஸ் எம்-க்காகவும். டீஃபால்ட்டை மெயில்ஃபர்ஸ்ட்டாக மாற்றச் சொன்னால் பழைய கான்ஃபிக்குகள் பாதிக்கப்படும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் சப்ஜெக்ட்டில் ஹோஸ்ட்நேம் சேர்ப்பதற்கும், மெயில் கமாண்டைக் கான்ஃபிக்கில் எழுத விடுவதற்கும் அப்படி ஒரு தடையும் இல்லை. இந்த இரண்டும் வந்துவிட்டால் இன்னொரு மதிப்பெண் தாராளமாகச் சேர்த்துக் கொடுப்பேன். அதுவரை பேக்கப் லாக், சர்டிஃபிகேட் புதுப்பிக்கும் லாக், வாரம் ஒருமுறை ஓடும் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட்டின் லாக் மாதிரி சின்னவற்றுக்கு மட்டும் போடுங்கள், போட்டதும் மெயில்ஃபர்ஸ்ட் வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.